பேர் வெட்டின கிட்டார்

நீங்க பட்டுக்கோட்டை வரைக்கும் வர்றீங்களா, இல்ல நடுவுல இறங்கிருவீங்களா? தப்பா நினைக்காதீங்க. பாதியில இறங்குற ஆளுகிட்ட ஒரு விஷயத்தைச் சொன்னா பாதிதான் காதுல விழும். ஆனா ஊருக்குள்ள போயி முழுசாச் சொல்லுவாங்க. அதான் கேட்டேன். கடைசி வரைக்கும் வர்றீங்களா? அப்பச் சரி. நீங்கதானே கேட்டீங்க, 'என்னங்க, ஏறினதுலேருந்து பெருமூச்சா விடுறீங்க'ன்னு. சொல்றேன். ஆனா இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கணும்.

எனக்குப் புதுக்கோட்டையில பாத்திரக்கடைங்க. கீழ ராஜ வீதியில முப்பத்தி நாலு வருஷமா நடத்துறேன். பேரு சிதம்பரநாதன். ஒரு தவலையைத் தூக்கி, விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினேன்னு வைங்க, அது எந்த ஊரு சரக்கு, எங்க பத்தவெச்சிருக்கான், எத்தனை வருஷம் தாங்கும், எல்லாத்தையும் சொல்லிப்புடுவேன். காந்தம் எப்பவும் சட்டைப்பையில இருக்கும். காந்தம் ஒட்டுற எவர்சில்வரை எவன் கொண்டாந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன். என் காதுல பூ சுத்தின ஆளு இதுவரைக்கும் கிடையாது. அப்பேர்ப்பட்ட என் தலையிலயே மொளகா அரைக்கப் பாத்திருக்காங்க. யாருன்னு கேக்குறீங்களா? அதாங்க எனக்கும் இன்னும் பிடிபடல.

மூணு மாசம் இருக்கும். காலைல இட்லி வெச்சுக்கிட்டே எங்க வீட்டம்மா சொல்றா: "என்னாங்க, நான் ஒரு கிட்டார் வாங்கப் போறேன்."

கையில எடுத்த இட்லியைத் தட்டுலயே போட்டுட்டேன். அம்பத்தி மூணு வயசு. பொண்ணைக் கட்டிக் குடுத்து பெங்களூரு அனுப்பியாச்சு. இந்த வயசுல கிட்டாரா? "யாருக்கு?"ன்னேன். "எனக்குத்தான்"கிறா. அதோட விட்டாளா? "மரத்துல பண்ணுறது இல்ல. உடம்பு பூரா உலோகத்துல பண்ணின கிட்டார். உள்ள மெல்லிசா தகட்டுல கூம்பு இருக்கும், அது சத்தத்தைத் தூக்கிக் குடுக்கும். ரெசோனேட்டர் கிட்டார்னு பேரு"ன்னு பாடம் எடுக்குறா.

உலோகத்துல பண்ணின கிட்டாரு! பாத்திரக்கடைக்காரன்கிட்ட வந்து சொல்றா. எனக்கு அப்பவே மூக்கு வேர்த்துப்போச்சு.

நான் ஒண்ணும் விவரம் தெரியாதவன் இல்லைங்க. அவ கல்யாணத்துக்கு முன்னாடி திருச்சியில கான்வென்ட்டுல படிச்சவ. அங்க கிட்டாரை மடியில படுக்க வெச்சு, இரும்பு உருளையால கம்பியைத் தேச்சு வாசிக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பொண்ணு பாக்கப் போனப்பவே அவங்க அப்பா பெருமையாச் சொன்னாரு. சங்கீதம் தெரிஞ்ச பொண்ணுன்னா நல்லதுதானேன்னு நானும் தலையாட்டினேன். கல்யாணத்துக்கு அப்புறம் அவளும் அதைப் பத்திப் பேசல, நானும் கேக்கல. நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. முப்பத்தியொரு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் கேக்குறா? சொல்லுங்க, உங்களுக்கே சந்தேகம் வருதா இல்லையா?

அவ குளிக்கப் போனப்போ போனை எடுத்துப் பாத்தேன். அதென்ன தப்பு, புருஷன்தானே? பாத்தா பூரா கிட்டாரு. எங்கெங்கேயோ உள்ளவங்க வெள்ளி மாதிரி பளபளன்னு ஒண்ணை மடியில போட்டுத் தேச்சுக்கிட்டு இருக்காங்க. அது போகட்டும். யாருக்குப் போன் பண்ணியிருக்கான்னு பாத்தேன். 'ஆஸ்வால்ட், பொன்மலை'ன்னு ஒரு பேரு. நாலு தடவை. ஒரு தடவை பதினாலு நிமிஷம்! என்கிட்டப் போன்ல பேசினா ஒரே நிமிஷம்தான், 'வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க', வெச்சிருவா. பதினாலு நிமிஷத்துக்கு என்னங்க பேச்சு?

கேட்டேன். "ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. கிட்டார் ரிப்பேர் பண்ணுவாரு, விப்பாரு. அவருகிட்ட மூணு இருக்காம்"னா. "பணம்?"ன்னேன். "அம்மா எழுதிவெச்ச நிலத்தை வித்தோம்ல, அதுல இருக்கு"ன்னுட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா.

சரி, தனியா அனுப்பினா என்ன ஆகுறதுன்னு நானும் கிளம்பினேன்.

பொன்மலையில பழைய ரயில்வே வீடு மாதிரி ஒண்ணு, முன்னால போகன்வில்லா. கதவைத் தொறந்தது ஒரு ஒல்லியான ஆளு. எழுவத்தி நாலு வயசாம், காதுல மெஷின் மாட்டியிருக்கான். சம்சாரம் தவறிப்போயி ஒம்பது வருஷமாச்சாம், தனி ஆளு. எனக்கு எதுக்கு இதெல்லாம் சொல்றான்? நான் கேட்டேனா? சரி, கேட்டேன்தான். கேட்டாலும், தனியா இருக்கேன்னு இவ முன்னாடியா சொல்றது?

மேசை மேல துணியை விரிச்சு மூணு கிட்டாரை வெச்சிருந்தான். நான் காந்தத்தை எடுத்தேன்.

முதல் கிட்டாருல டப்புன்னு ஒட்டுச்சு. "இது மட்டமான சரக்கு"ன்னேன். அந்தாளு சிரிக்கிறான். "சார், அது இரும்புத் தகடுதான். ஒட்டத்தான் செய்யும். ஸ்டீல் பாடி, சவுண்டு கொஞ்சம் கரகரன்னு இருக்கும்." பாத்தீங்களா, தப்பைக் கண்டுபிடிச்சாலும் அதுக்கு ஒரு பதில் தயாரா வெச்சிருக்கான். ரெண்டாவதுல முன்பக்கம் மட்டும்தான் தகடு, உடம்பு மரம். உலோகக் கிட்டாருன்னு கூப்பிட்டுட்டு மரத்தைக் காட்டுறான். "இது மேடம் கேட்டது இல்ல, சும்மா பாக்கட்டும்னு வெச்சேன்"கிறான். மூணாவதுல காந்தம் ஒட்டல. பளபளன்னு வெள்ளையா இருக்கு, ஆனா தூக்கினா எவர்சில்வரை விடக் கனம். தட்டிப் பாத்தேன். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்! "இது பித்தளை. மேல பூச்சு"ன்னேன்.

"கரெக்ட் சார்! பித்தளை மேல நிக்கல். சூப்பரா கண்டுபிடிச்சிட்டீங்க"ன்னு கையைப் பிடிச்சுக் குலுக்குறான். புகழ்ந்தா நான் மயங்கிருவேன்னு நினைப்பு. வாங்க வந்தவனைப் புகழுறது நாங்க கடையில தினம் பண்ணுற வேலை.

"உள்ள என்ன இருக்குன்னு தொறந்து காட்டுங்க"ன்னேன். எங்க வீட்டம்மா, "என்னாங்க, விடுங்களேன்"னா. நான் விடுவேனா? அந்தாளும் முகம் சுளிக்காம கம்பியெல்லாம் அவுத்து, ஒவ்வொரு திருகாணியாக் கழட்டி மூடியைத் தூக்கினான். உள்ள பாத்தா, அடப்பாவி, அலுமினியம்! மூணு கூம்பு, காகிதம் மாதிரி மெல்லிசு, விரல் பட்டா நசுங்கிரும். வெளிய பித்தளை, அதுக்கு மேல நிக்கல், உள்ள அலுமினியம். ஒரே சாமானுக்குள்ள மூணு உலோகம். எங்க தொழில்ல இப்படி ஒருத்தன் பண்ணினா அவன் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். "அலுமினியத்துல இப்பல்லாம் யாரும் சோறுகூட வடிக்கிறதில்லீங்க"ன்னு சொன்னேன். அந்தாளு, "இதுல சோறு வடிக்க மாட்டாங்க சார்"ங்கிறான். இவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. ரெண்டு பேருமாச் சேந்து சிரிக்கிறாங்கங்க!

அந்த மூணு கூம்புதான் விசேஷமாம். ஒரு பெரிய கூம்பு வெச்சதுன்னா பட்டுனு அடிச்சு நின்னுருமாம். மூணு வெச்சதுல சத்தம் இழுத்துக்கிட்டே போகுமாம். கழுத்தும் உருண்டையா இல்ல, சதுரக் கட்டை. கம்பியெல்லாம் விரலால அமுக்க முடியாத உயரத்துல நிக்குது. மடியில போட்டுத் தேய்க்கிறதுக்குன்னே பண்ணினதாம். அதாவது இதை வாங்கினா வேற யாருக்கும் விக்க முடியாது, இவளை மாதிரி மடியில வெச்சு வாசிக்கிற ஆளா தேடிப் பிடிக்கணும். எப்படிக் கோத்துவிடுறான் பாருங்க. நான் இவ காதுல சொன்னேன், "வாங்குறதுன்னா பித்தளையே வாங்கு. நாளைக்கு வேணாம்னு ஆனாலும் எடைக்குப் போட்டா ஏதாவது தேறும்." அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.

மறுபடி மூடி, கம்பி மாட்டி, கிட்டாரோட காதை முறுக்கிச் சுதி சேத்துக் குடுத்தான். இவ நாற்காலியில உக்காந்து, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, மடியில வாங்கி வெச்சு வாசிச்சா. முதல்ல இரும்பு. அப்புறம் இது. நானும் சும்மா இல்லைங்க. கழட்டின திருகாணி எல்லாத்தையும் திருப்பிப் போட்டானான்னு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே இருந்தேன். நிமிந்து பாத்தா அந்தாளு குனிஞ்சு, கிட்டாரோட ஓரத்துல உள்ளங்கையை வெச்சிருக்கான். "காது சரியாக் கேக்குறதில்ல சார், கை வெச்சாத்தான் எனக்குத் தெரியும்"கிறான். கண்ணை வேற துடைச்சுக்கிட்டான். அந்தக் கண்ணைத் துடைக்கிற வேலையெல்லாம் எங்கிட்டக் காட்ட வேண்டியதில்ல. 'அடக்க விலைக்கும் கீழ குடுக்குறேம்மா'ன்னு நானே கடையில எத்தனை தடவை துடைச்சிருக்கேன்!

அப்புறம்தான் பெரிய சந்தேகம் வந்துச்சு. நான் பேரம் பேச வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே அந்தாளு விலையைக் குறைச்சான். கேக்காமலே! "இது என்னோட கிட்டார்மா. நான் இனிமே வாசிக்க முடியாது. வெச்சுப் பூட்டுறவங்களுக்கு விக்க மனசில்ல, நீங்க வாசிப்பீங்க, எடுத்துக்கங்க"ங்கிறான். உலகத்துல எந்த வியாபாரி கேக்காம விலையைக் குறைப்பான்? ஒண்ணு, சரக்குல கோளாறு இருக்கணும். இல்லேன்னா வாங்குற ஆளு மேல கண்ணு இருக்கணும். மூணாவதா ஒண்ணு இருந்தா நீங்களே சொல்லுங்க.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம், வா"ன்னு நான் எந்திரிச்சேன். அவ எந்திரிக்கல. பையைத் தொறந்து பணத்தை எடுத்து மேசை மேல வெச்சா. அந்தாளு ரசீது எழுத நோட்டை எடுத்து, "யாரு பேருல எழுத?"ன்னு கேக்குறான். என்னைப் பாத்துக் கேக்கலைங்க, அவளைப் பாத்துக் கேக்குறான்! அவளும் அவ பேரையே சொல்றா. எழுதிட்டு, கிழிச்சுக் குடுக்கும்போது, அந்தப் பேரைச் சொல்லி, கூட ஒரு 'மா' போட்டு, "நல்லா வாசிங்க"ன்னான். முழுப் பேரு! ஒரு எழுத்து விடாம!

அவ பொறந்த வீட்டுலகூட இப்ப யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறதில்ல. தங்கச்சி 'அக்கா'ங்கும். எங்க பொண்ணு 'அம்மா'ங்கும். கடைத்தெருவுல 'பாத்திரக்கடை அம்மா'ம்பாங்க. நான் 'இந்தாம்மா'ம்பேன், அதுலயே திரும்பிருவா. இந்தாளு யாரு, பேரைச் சொல்றதுக்கு?

என்ன, ஆலங்குடியா? இறங்கிராதீங்க, இன்னும் இருக்கு.

கிட்டாரு வீட்டுக்கு வந்துச்சு. நான் கடையில இருக்குற நேரமாப் பாத்து, மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் வாசிக்கிறா. நான் வந்தா பெட்டியில வெச்சு மூடிருவா. "நான் இருக்கும்போது வாசிச்சா என்ன?"ன்னு கேட்டேன். "நீங்க நியூஸ் பாப்பீங்கல்ல"ங்கிறா. சாக்கு! ஒரு நாள் மத்தியானம் கடையைச் சாத்திட்டு சத்தம் காட்டாம வந்தேன். பக்கத்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். போன்ல யாரோடயாவது பேசுறாளான்னுதான் பாத்தேன். போனு அலமாரி மேல கெடக்கு. இவ கண்ணை மூடிக்கிட்டுத் தேச்சுக்கிட்டு இருக்கா. அப்ப ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. முப்பத்தியொரு வருஷத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததே இல்ல. பொண்ணு பொறந்தப்போகூட அப்படி இல்ல. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். யாரை நினைச்சுச் சிரிக்கிறா? சொல்லுங்க, ஆளு இல்லாம ஒருத்தி சிரிப்பாளா?

அன்னிலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல.

ஒரு மாசம் கழிச்சு அந்தாளு போன் பண்றான். நான்தான் எடுத்தேன். "சார், ஒரு தடவை கொண்டு வாங்க, கூம்பு எப்படி உக்காந்திருக்குன்னு பாத்து, கம்பி மாத்திக் குடுத்துடுறேன். பணம் வேண்டாம்." மறுபடியும் பாருங்க, பணம் வேண்டாமாம். அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு பட்டுச்சு. நல்லதைக் காட்டி வித்துட்டான். இப்ப ரிப்பேருன்னு வாங்கி, அதை வெச்சுக்கிட்டு, அதே மாதிரி மட்டமான ஒண்ணை மாத்திக் குடுத்துருவான். ரசீதும் இவ பேருல இருக்கு, நான் போயி என்னன்னு கேக்க முடியும்? இது எங்க தொழில்ல நடக்குறதுதாங்க. ஈயம் பூசக் குடுத்த பாத்திரம் மாறி வரும். கல்யாண வீட்டுக்குக் குடுத்த அண்டா மாறி வரும். அதுக்குத்தானே பேரு வெட்டுறோம்! பேரு இல்லாத பாத்திரம் எவன் தூக்கிட்டுப் போனாலும் அவனுதுதான்.

ஞாயித்துக்கிழமை காலைல அவ கோயிலுக்குப் போயிருந்தா. கடையிலேருந்து பேர் வெட்டுற மெஷினைக் கொண்டாந்து, பிளக்குல மாட்டி உக்காந்தேன். எங்கயாவது மூலையில வெட்டினா உரசி அழிச்சுருவான்னு, நல்லா முன்பக்கமா, பளிச்சுன்னு தெரியுற இடத்துல வெட்டினேன். 'பு. சிதம்பரநாதன், புதுக்கோட்டை'ன்னு. கீழ தேதி. என் எழுத்தைப் பத்தி நானே சொல்லக் கூடாது, சுத்துப்பட்டுல என் மாதிரி பேர் வெட்ட ஆளு கிடையாது. நிக்கல் உரிஞ்சு உள்ள இருந்த பித்தளை மஞ்சளாத் தெரிஞ்சுச்சு பாருங்க, வெள்ளித் தட்டுல தங்கத்துல எழுதின மாதிரி இருந்துச்சு. அவளே பாத்துட்டுச் சந்தோஷப்படுவான்னு நினைச்சேன். சத்தியமாங்க. துணியால துடைச்சு, பெட்டியில வெக்காம, நாற்காலி மேலயே நிமித்தி வெச்சிருந்தேன்.

வந்தா. பாத்தா. அர்ச்சனைத் தட்டைக் கீழ வெக்காம அப்படியே நின்னா. "எப்படி இருக்கு?"ன்னேன்.

"இதுலயுமா?"ன்னா.

அவ்வளவுதாங்க. அந்த ஒரே வார்த்தைதான். சத்தம் போடல, அழுவல. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், 'இதுலயுமா'ன்னா என்ன அர்த்தம்? வேற எதுல நான் என்ன பண்ணிட்டேன்? எங்க வீட்டுல அண்டா, தவலை, குத்துவிளக்குன்னு பரண் கொள்ளாத பாத்திரம் இருக்கு. அவ கொண்டு வந்த சீர் பாத்திரத்துல அவங்க அப்பா பேரு இருக்கு. நாங்க வாங்கினதுல என் பேரு இருக்கு. வீட்டுப் பத்திரம், கரண்டு மீட்டரு, கேஸ் புக்கு எல்லாம் என் பேருதான். எதுலயும் அவ பேரு கிடையாது, அதுக்காக ஒரு நாளாவது அவ உலை வெக்காம இருந்திருக்காளா? ஒரு வார்த்தை கேட்டிருக்காளா? ஒண்ணும் குறை இல்லாமத்தானே இருந்தா! அப்ப இந்த ஒண்ணுல மட்டும் என்ன வந்துச்சு?

மறுநாள் காலைல எனக்கு இட்லி வெச்சுட்டு, ரெண்டு சேலையும் கிட்டார் பெட்டியும் எடுத்துக்கிட்டு, "பட்டுக்கோட்டைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்"னா. "எப்ப வருவே?"ன்னேன். "தெரியல"ன்னா. பத்தொம்பது நாளாச்சு.

போன் பண்ணினா அவ தங்கச்சிதான் எடுக்குது. "அக்கா வாசிச்சுக்கிட்டு இருக்கு மாமா, முடிச்சுட்டுப் பேசச் சொல்றேன்"ங்குது. முடிச்சுட்டும் பேசல. ஒரு நாளு, "அங்க வேற யாரும் வர்றாங்களா?"ன்னு கேட்டேன். "வர்றாங்களே மாமா, பக்கத்து வீட்டுல எல்லாரும் வந்து உக்காந்து கேக்குறாங்க"ன்னுச்சு. நான் கேட்டது அதையா?

எனக்கு ஒரு யோசனை. பட்டுக்கோட்டைன்னு சொல்லிட்டுப் பொன்மலைக்குப் போயிட்டாளோ? தங்கச்சியும் சேந்து மறைக்குதோ? வாசிக்கிற சத்தம் போன்ல கேட்டுச்சுதான், ஆனா இந்தக் காலத்துல சத்தத்தைப் பிடிச்சு வெச்சுக்கூடப் போடலாம். அதனால முந்தாநேத்து பொன்மலைக்குப் போனேன். தெரு முனையில நின்னு ஒரு மணி நேரம் பாத்தேன். யாரும் வரல. கதவைத் தட்டினேன். அந்தாளு லுங்கியோட வந்தான், ஒரு தட்டுல ரெண்டு பிரெட்டு இருந்துச்சு, அதான் அவனுக்குச் சாப்பாடாம். வீட்டை ஒரு நோட்டம் விட்டேன். பொம்பளைச் செருப்பு இல்ல. பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு அடுக்களையையும் பாத்தேன். அங்கயும் இல்ல.

எனக்கு ஏன்னு தெரியல, உக்காந்து எல்லாத்தையும் அந்தாளுகிட்டயே சொல்லிட்டேன். பேர் வெட்டினது, அவ போனது எல்லாம். போன்ல போட்டோ வெச்சிருந்தேன், காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தான். கட்டைவிரலை அந்தப் போட்டோ மேல வெச்சுத் தடவினான். "சவுண்டுக்கு ஒண்ணும் ஆகாது சார்"ன்னான். போனைத் திருப்பிக் குடுத்துக்கிட்டே, "அழகா வெட்டியிருக்கீங்க. அவங்க பேரை வெட்டியிருக்கலாம்"னான். நான் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். எனக்குப் புத்தி சொல்ல இவன் யாரு? இப்பக்கூட அவ பேருலதான் இவனுக்கு அக்கறை!

ஆனா பஸ்ஸுல வரும்போது மனசு அதையே சுத்திச் சுத்தி வந்துச்சு.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம். வீடு வெறிச்சுன்னு கெடக்குதுங்க. குக்கர் விசிலு கூட இல்ல. மத்தியானம் ரெண்டு மணி ஆனா கடையில உக்காந்திருக்க முடியல, தன்னால எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுறேன், அந்த ஜன்னல்கிட்டப் போயி நிக்கிறேன். உள்ள ஒண்ணும் இல்ல, நாற்காலிதான் கெடக்கு. அவ வராமலே போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? முப்பத்தியொரு வருஷம்ங்க. எனக்குப் பயமா இருக்கு. இந்த வயசுல இப்படி ஒரு பயத்தை நான் நினைச்சே பாக்கல.

என்ன வாசிப்பாளா? என்ன பாட்டுன்னா கேக்குறீங்க? அதெல்லாம் எனக்கு என்ன தெரியும். நான் அதைக் கவனிக்கலைங்க. கவனிக்க வேண்டியது எவ்வளவோ இருந்துச்சு.

சரி, அதை விடுங்க. நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். எனக்கும் விட்டுக்குடுக்கத் தெரியும். அந்தாளு சொன்னான்கிறதுக்காக இல்ல, நானே யோசிச்சதுதான். காலுக்குக் கீழ இருக்கே, இந்தப் பையில மெஷின் இருக்கு. இன்னிக்குப் போன உடனே, காப்பிகூடக் குடிக்காம, அவ கண்ணு முன்னாடியே அந்தக் கிட்டாருல அவளுக்கும் ஒரு வரி வெட்டிக் குடுக்கப் போறேன். என் பேருக்குக் கீழயே இடம் இருக்கு. தேதிக்குப் பக்கத்துல கொஞ்சம் நெருக்கிப் போட்டா அழகா உக்காந்துரும். நேத்து பூரா உக்காந்து காகிதத்துல எழுதி எழுதிப் பாத்தேன். எத்தனையோ பேருக்கு வெட்டியிருக்கேன், எதுக்கும் இப்படிக் காகிதத்துல எழுதிப் பாத்ததில்ல.

இந்தாங்க, நீங்களே பாருங்க. எழுத்து நல்லாருக்குல்ல? வளைவெல்லாம் பாருங்க. படிங்க. ம், சத்தமாவே படிங்க, பரவால்ல.

'திருமதி சிதம்பரநாதன்.'

எப்படி? இதுக்கு மேல ஒரு மனுசன் எறங்கி வர முடியுமா? இதைப் பாத்தா அழுதுருவா. கிட்டாரைத் தூக்கிக்கிட்டு இன்னிக்குச் சாயங்கால பஸ்ஸுக்கே எங்கூட வந்துருவா, பாத்துக்கிட்டே இருங்க.

என்ன அப்படிப் பாக்குறீங்க? ஏன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? பின்னாடி ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான்.

என்னது?

அம்மாவோட பேரு என்னன்னா?

எங்க வீட்டம்மா பேரு உங்களுக்கு எதுக்குங்க? ஆலங்குடி தாண்டினதுலேருந்து நானும் பாக்குறேன், குடைஞ்சு குடைஞ்சு கேட்டுக்கிட்டே வர்றீங்க. என்ன வாசிப்பாங்க, என்ன பேருன்னு. அந்தக் காகிதத்தைக் குடுங்க இப்படி. குடுங்கங்க. உண்மையைச் சொல்லுங்க. அந்த ஆஸ்வால்டுதானே உங்களை இந்த பஸ்ஸுல ஏத்திவிட்டான்?